சின்னதுக்குப் பெரிய காளை

என் மகன் கரமனை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஃபிளாட் வாங்கினான். கிருகப்பிரவேசத்துக்கு மாடு கொண்டுவரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தரைத்தளம்தான், லிஃப்டுக் கவலை இல்லை. திருவனந்தபுரத்தில் இப்போது இதற்கென்றே பசுவையும் கன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் தேவைப்படவில்லை. மலைப்பக்கம் கல்லாறு என்ற ஊரில் இருக்கும் என் தங்கையிடம் மாடு இருந்தது.

அவள் கொண்டுவந்தது கறுப்பும் வெள்ளையுமான பெரிய கலப்பின மாடு. பெரும்பங்கு ஹோல்ஸ்டீன் என்ற சீமை இனத்தின் ரத்தம். வாசலில் வந்து நின்றதுமே கதவு சின்னதாகத் தெரிந்தது. உள்ளே பளபளவென்று டைல்ஸ். முன்காலை வைத்ததும் வழுக்கியது. முன்னாலும் வர முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிலைக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பயத்தில் சாணி போட்டது. வெளியே கன்று கத்தியது. சாணி போட்டது நல்ல சகுனம்தான் என்று சம்பந்தி சமாதானம் சொன்னார். பூஜை செய்ய வந்த சாஸ்திரிகள் சமாதானமாகவில்லை.

"திமில் எங்கே ஓய்?" என்று என்னைக் கேட்டார்.

"கலப்பினம். திமில் இருக்காது."

"அப்போ இது பசுவே இல்லை. பால் மெஷின். மெஷினுக்குத்தான் பூஜைன்னா கிரைண்டருக்கே பண்ணிடலாமே. அது வழுக்காது."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மரபியல்தான் என் பாடம். நான் குனிந்து டைல்ஸில் கிடந்த சாணியை அள்ளினேன்.

திரும்பும்போது வேனில் அவளோடு நானும் போனேன். வேன் நெடுமங்காட்டைத் தாண்டியது. பிறகு சொன்னாள்.

"அண்ணா, சாஸ்திரிகள் சொன்னது கிடக்கட்டும். எனக்கும் இவளை வச்சுண்டு முடியலை. எவ்வளவு புல் அறுத்தாலும் போறலை. மேட்டுல ஏறினா முட்டி வீங்கறது. எனக்கும் வீங்கறது. எனக்கு ஒரு நடுத்தர மாடு வேணும். மேடு ஏறணும், நான் அறுக்கிற புல்லு போறணும், வருஷம் ஒரு கன்னு சிரமமில்லாம போடணும். நீ படிச்சவன். எதுக்கு எதைச் சேக்கணும்னு சொல்லு."

அவள் கேட்டது மாட்டைப் பற்றி மட்டும் இல்லை. அவள் கணவர் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கல்லாற்றில் சரிவான ஒரு துண்டு நிலம் வாங்கினார், வீட்டைக் கட்டி முடித்ததும் இறந்துபோனார். பெங்களூரில் இருக்கும் மகன் அவளை வரச்சொல்லி ஒவ்வொரு வாரமும் போன் செய்கிறான். மாட்டை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவள் சொல்லும் ஒரே பதில். மாட்டைப் பார்க்க முடியாமல் போனால் அந்தப் பதிலும் போய்விடும். பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் அவளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை.

கொட்டிலில் அந்தப் பெரிய மாட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஈனாத ஒரு கிடாரி இருந்தது. வெச்சூர் ஜாதி. வைக்கத்துப் பக்கம் உள்ள குள்ள இனம். வளர்ந்தாலும் நம் இடுப்புக்கு மேல் வராது. செம்பழுப்பு நிறம், முதுகில் அழகாகச் சின்னத் திமில். தாயில்லாக் கன்றாக வந்ததை அவள் கிண்ணத்தில் பால் வைத்து வளர்த்தாள். அவள் சமையலறை வாசல்வரை வந்து நிற்கும். இரண்டுக்குமே பெயர் வைக்கவில்லை. பெரிசு, சின்னது, அவ்வளவுதான்.

நடுத்தர மாடு வேண்டுமென்றால் அந்தக் கொட்டிலிலேயே இரண்டு வழிகள் இருந்தன. பெரிசுக்கு வெச்சூர்க் காளையின் விந்தை ஊசி மூலம் செலுத்தலாம். அல்லது சின்னதுக்கு ஒரு பெரிய இனத்துக் காளையினுடையதைச் செலுத்தலாம். கரும்பலகையில் இரண்டும் ஒன்றுதான். பாதி பெரியது, பாதி சிறியது, கன்று நடுத்தரம். ஆனால் கரும்பலகை கன்று போடுவதில்லை. பெரிய தாய்க்குள் சின்னக் கன்று நிம்மதியாக வளர்ந்து சுலபமாக வெளியே வரும். சின்னத் தாய்க்குள் பெரிய காளையின் கன்று வளர்ந்தால் அது வெளியே வரவேண்டிய வழி அந்தச் சின்ன இடுப்புதான். அதிலும் தலைச்சன் ஈற்று. இதை நான் வருஷாவருஷம் வகுப்பில் சொன்னவன். கேள்வித்தாளில் கேட்டு, எழுதாதவர்களுக்கு மதிப்பெண் குறைத்தவன்.

தங்கையிடம் நான் இரண்டாவது வழியை மட்டும் சொன்னேன்.

காரணம் சாஸ்திரிகள். பெரிசின் வயிற்றில் என்ன பிறந்தாலும் அதில் பாதிக்கு நெருக்கமாகச் சீமை ரத்தம் இருக்கும். திமில் சரியாக வராது. சின்னதுக்குக் கிர் என்ற பெரிய இனத்துக் காளையைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் நாட்டு ரத்தம். குஜராத்துக் கிர்ரின் சிவப்பு நிறம், தொங்கும் காது, பெரிய திமில். கிரைண்டர் என்று சிரித்தவர்கள் முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் சாஸ்திரிகளைப் பார்த்தபோது, "அடுத்த கிருகப்பிரவேசத்துக்குத் திமிலோட வர்றேன், பாருங்கோ" என்று சொல்லியும் விட்டேன். அவர் கையிலிருந்த தேங்காய் மூடியை ஆட்டி, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

தங்கைக்கு என் பேச்சில் ஓர் இடம் மட்டும் இடித்தது.

"கன்னு பெரிசா வளந்தா இவ தாங்குவாளாண்ணா?"

"தாயோட கர்ப்பப்பை எவ்வளவு இடம் கொடுக்கறதோ அதுக்கு மேல கன்னு வளராது. இது நிரூபிச்ச விஷயம்" என்றேன்.

அது பொய் இல்லை. சின்னத் தாய் கன்றின் அளவைக் குறைக்கத்தான் செய்யும். போதுமான அளவு குறைக்காது என்ற அடுத்த வாக்கியத்தைத்தான் நான் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

கிர் காளையின் விந்தை உறைய வைத்து அடைத்த குச்சியை வெளியூரில் கால்நடைத் துறையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் மூலம் வரவழைத்தேன். சின்னது பருவத்துக்கு வந்த அன்று சினை ஊசி போடும் கால்நடை இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரில் வந்தார். காலுக்கு நடுவே திரவ நைட்ரஜன் கேன். கிடாரியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்தரு சாரே, இத்திரி சின்ன இவளுக்குக் கிர்ரா? நம்ம கையில வெச்சூர் உண்டல்லோ."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"சாரு யோசிச்சா பின்னே நான் எந்தினு யோசிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினார். "மாமீ, இவளோட வாலை ஒண்ணு பிடிக்கணே."

தங்கை வாலைப் பிடித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அது அந்த நேரம். உறைந்த குச்சி இளகுவதற்காக வெந்நீரில் இருந்தது.

மூன்றாம் மாதம் சினை பார்க்க மிருக ஆஸ்பத்திரி டாக்டர் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். நான் அன்று அங்கே இருந்தது என் கெட்ட காலம். உள்ளே கைவிட்டுப் பார்த்தவளின் முகம் மாறியது. தங்கை காப்பி கொண்டுவர உள்ளே போனதும் குழாயடியில் கை கழுவியபடியே கேட்டாள்.

"சார், ஏது காளை?"

"கிர்."

குழாயை மூடினாள். "இடுப்பு ரொம்பக் குறுகல். இன்னும் வளர்ந்து முடியலை. இப்போன்னா ஒரு இஞ்ஜெக்‌ஷன்ல கலைச்சுடலாம், பெரிய ஆபத்து இல்லை. வெச்சுண்டே போனா பின்னாடி என்ன ஆகும்னு பறையவே முடியாது. மாமிகிட்ட நான் பேசட்டா?"

"நானே பேசறேன்" என்றேன். "அவ பயந்துடுவா."

"சீக்கிரம் சொல்லணும் சார். தாமசிக்கக் கூடாது."

தங்கை காப்பியோடு வந்தாள். டாக்டர் நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். "என்ன சொன்னா?" என்று தங்கை கேட்டாள். சினை நின்றிருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் சின்னதின் நெற்றியைத் துடைத்தாள்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது வீட்டுக்குப் போனதும் போன் செய்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனபோது அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்கண்ணா கணக்குப் போட்டுக் குடுத்தது, தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிறு வயதிலிருந்தே நான் தப்பாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. உலகத்தில் என்னை அப்படி நினைக்கிறவள் அவள் ஒருத்திதான் மிச்சம். டாக்டர் போனில் கூப்பிட்டபோது, "பேசிட்டேன், வெச்சுக்கணும்னு சொல்றா" என்றேன். இது முழுப் பொய்.

அதன் பிறகு கலைக்கும் ஊசி போடும் காலம் கடந்துவிட்டது. கன்று பெரிதாகாமல் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. சின்னதுக்குப் புண்ணாக்கு வைக்காதே, தவிட்டைக் குறை என்று தங்கையிடம் சொன்னேன்.

"சினை மாட்டை வயிறு காயப் போடச் சொல்றியே, இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"கொழுப்பு சேந்தா ஈத்து கஷ்டம்."

"அவ எலும்பும் தோலுமா நிக்கறா, கொழுப்பாம்." அவள் வழக்கம்போல வைத்தாள். நான் அங்கே போகும் நாள்களில் அவள் குளிக்கப் போனதும் தொட்டியிலிருந்து புண்ணாக்கை அள்ளிப் பெரிசின் தொட்டியில் போட்டேன். சின்னது தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். கத்தாது. அது கத்தாத மாடு. பிந்திய மாதங்களில் அதன் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. கால் சுள்ளி போல இருந்தது. கொட்டிலில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. தங்கைக்கு ஒரே பெருமை. "கன்னு ஜம்முன்னு இருக்கு" என்பாள். கரமனையில் எங்கள் வீட்டில் நான் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போனைப் பார்த்தேன். என் மனைவி சர்க்கரை சோதித்துப் பார்க்கச் சொன்னாள்.

நல்ல மழைக்காலத்தில் ஒரு காலை தங்கையிடமிருந்து போன் வந்தது. "பனிக்குடம் உடைஞ்சு நேரமாச்சு. கால் தெரியறது. வெளில வரலை. நீ வா" என்றாள். மலைப்பக்கம் மழை எச்சரிக்கை இருந்தது. விதுரைவரை பஸ் போனது, அதற்கு மேல் ஒரு ஆட்டோ. வழியில் சாலைக்குக் குறுக்கே விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி நடந்தேன். ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு போனது.

சின்னது ஒருக்களித்துப் படுத்திருந்தது. கால்களை நீட்டியிருந்தது. வாலுக்குக் கீழே கன்றின் இரண்டு முன்குளம்புகள் வெளியே தெரிந்தன. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னதின் சொந்தக் குளம்புக்கும் அவற்றுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. தங்கை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள், மழைக்கோட்டுக்கு மேல் ரப்பர் ஏப்ரன். தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தாள்.

"தலை வந்து இடுப்பெலும்புல முட்டிண்டு நிக்கறது. கன்னுக்கு அனக்கமில்லை" என்றாள். அசைவில்லை என்கிறாள். "வயிற்றைக் கீறணும்னா எனக்கு இன்னொரு டாக்டர் வேணும். ரோடு அடைஞ்சு கிடக்கு. இழுத்துத்தான் பார்க்கணும்." கையை வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சார், நான் அன்னைக்கே சொன்னதல்லே. மாமி எதுக்கு வெச்சுக்கணும்னு சொன்னா?"

தங்கை தலையைத் தூக்கினாள். "நான் எதை வெச்சுக்கணும்னு சொன்னேன்?"

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து கன்றின் காலில் கயிற்றுச் சுருக்கை மாட்டத் தொடங்கினாள்.

"மூணாம் மாசமே கலைச்சுடலாம்னு சொன்னா" என்றேன். "இடுப்பு தாங்காதுன்னு சொன்னா. நான் உன்கிட்ட சொல்லலை. நீ வெச்சுக்கச் சொன்னதா அவகிட்ட பொய் சொன்னேன்."

தங்கை என்னைப் பார்த்தது நீண்ட நேரம் இல்லை. சின்னது முக்கியது. அவள் அதன் காதைத் தடவினாள்.

"கயித்தைப் பிடி" என்றாள்.

பிடித்தேன். சின்னது முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், கீழ்நோக்கி இழுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். எண்ணெய் விட்டாள், கையால் வழியை அகட்டினாள். ஒரு காலை முன்னே, மற்றதைப் பிறகு என்று மாற்றி மாற்றி இழுத்தோம். என் கை வழுக்கியது. கயிற்றைத் துண்டில் சுற்றிப் பிடித்தேன். அதுவரை கத்தாத மாடு அன்று கத்தியது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. தலை வந்தது. நாக்கு வீங்கி வெளியே தொங்கியது. தோள் வந்தது. பிறகு மொத்தமும் ஒன்றாகச் சரிந்து என் காலில் விழுந்தது.

செத்துத்தான் வந்தது. பெண் கன்று. சிவப்பு நிறம், நீளமாக மடிந்து தொங்கும் காது, தோளுக்கு மேலே சின்னதாகத் திமில் மேடு. நான் சாஸ்திரிகளிடம் வாக்குக் கொடுத்தது அப்படியே இருந்தது. டாக்டர் வாயைத் துடைத்து, நெஞ்சை அழுத்தி, வைக்கோலால் தேய்த்துப் பார்த்தாள். தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சின்னது இருக்குமா டாக்டர்?" என்று மட்டும் தங்கை கேட்டாள்.

"உயிருக்கு இப்போ ஆபத்தில்லை. ஆனா இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கு. எழுந்து நிக்கணும். நிக்கலைன்னா..." என்று நிறுத்தினாள். நிற்காத மாட்டை என்ன செய்வார்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான் கரமனைக்குப் போகவில்லை. சாக்குகளைத் தைத்து, வயிற்றுக்குக் கீழே கொடுத்து, உத்தரத்தில் கயிறு போட்டுச் சின்னதைத் தூக்கினோம். விட்டால் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து சரிந்தது. கால்கள் விரியாமல் துணியால் இணைத்துக் கட்டினோம். படுக்கைப்புண் வராமல் இருக்கப் பகலெல்லாம் புரட்டிப் போட்டோம். தங்கை என்னோடு பேசினாள். வெந்நீர் கொண்டுவா, அந்தப் பக்கம் பிடி, சாப்பிட வா என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. தமிழில் ஒருவரைக் கூப்பிடாமலே எவ்வளவு நாள் பேச முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தபோது, "ஆமா, முடியலைதான். பாக்கலாம்" என்றாள். முன்பு ஒருபோதும் அவனிடம் பார்க்கலாம் என்று சொன்னதில்லை. சின்னது எழுந்திருக்காவிட்டால் அவள் போய்விடுவாள் என்று எனக்கு விளங்கியது. சாக்குக் கயிற்றை இன்னும் இறுக்கமாக இழுத்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் சின்னது தானாக முன்காலை ஊன்றியது. நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கத்துக்குத் தோள் கொடுத்தோம். நின்றது. நடுங்கிக்கொண்டு நின்று, பெரிசின் தொட்டியில் வாய் வைத்தது. தங்கை சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சின்னது இப்போதும் இடது பின்காலை இழுத்துத்தான் நடக்கிறது. இனி சினைப்படக் கூடாது. அதற்குப் பால் இல்லை, கன்று இல்லை. சமையலறை வாசல்வரை மட்டும் போகிறது. நான் வாரம் ஒரு முறை போய் அதன் இடுப்புக்கு எண்ணெய் தடவுகிறேன். சாஸ்திரிகள் கோயில் வாசலில் கேட்டபோது கன்று செத்துவிட்டது, தப்பு என்னுடையது என்றேன். அவர் சரியாகக் கேட்கக்கூட இல்லை, கூட்டம் அதிகம்.

போன மாதம் பெரிசு பருவத்துக்கு வந்தது. நான் அன்று அங்கே இருந்தேன். இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரை நிறுத்திக் கேனை இறக்கினார். பழக்கத்தில் என் பக்கம் திரும்பி, "ஏது காளை சாரே?" என்று கேட்டவர் பாதியில் தங்கை பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெச்சூர்" என்றாள் தங்கை.

"அது சரி. பெரிசு, சின்னது, நடுவிலே கிட்டும்."

"திமில் சரியா வராது" என்றேன். அதையும் மறைக்க எனக்கு இஷ்டமில்லை. "சாஸ்திரிகள் ஒத்துக்க மாட்டார்."

"கேட்டா கலப்புன்னு சொல்லுவேன். வேண்டாம்னா வேண்டாம். எனக்கு மேடு ஏறினா போறும்." அவள் பெரிசின் வாலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். "ஏன் வெச்சூர், ஏன் பெரிசுக்குன்னு இவாளைச் சொல்லச் சொல்லுங்கோ. காலேஜ்ல சொன்ன மாதிரி."

இன்ஸ்பெக்டர் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குச்சியைக் கேனிலிருந்து எடுத்து, நான் பிடித்திருந்த வெந்நீர்ச் செம்பில் விட்டார்.

நான் சொன்னேன். கன்றின் அளவு பாதி தகப்பனுடையது, பாதி தாயுடையது. ஆனால் வழி முழுக்கத் தாயுடையது. அதனால் நடுத்தர மாடு வேண்டுமென்றால் பெரிய தாய்க்குத்தான் சின்னக் காளையைச் சேர்க்க வேண்டும். சின்னத் தாய்க்குப் பெரிய காளையைச் சேர்த்தால் கன்று கொஞ்சம் குறுகும், போதுமான அளவு குறுகாது.

"போதுமான அளவு குறுகாது" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "அன்னைக்கே இது தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலையசைத்தாள். இன்ஸ்பெக்டர் கையுறையை மாட்டினார். சமையலறை வாசலிலிருந்து சின்னது காலை இழுத்துக்கொண்டு வந்து, என்ன நடக்கிறதென்று பார்க்க எங்கள் பக்கத்தில் நின்றது. செம்பு ஆறுவதற்குள் குச்சியை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன்.